பேசுகிற ஃபயர் அலாரம் வேண்டுமாம்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்தே ஃபயர் அலாரம் பைத்தியம். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிற சிவப்புப் பெட்டியைத் தூரத்தில் பார்த்தே எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லிவிடுவான். ஈபேயில் பழைய புல் ஸ்டேஷன் (தீ என்றால் கையால் இழுக்கிற பெட்டி), ஹார்ன், ஸ்ட்ரோப் விளக்கு எல்லாம் வாங்கி பேஸ்மென்ட்டில் ஒரு பலகையில் மாட்டி வைத்திருக்கிறான். இப்போது பிறந்தநாளுக்கு 'வாய்ஸ் எவாக்குவேஷன்' உள்ள பேனல் வேண்டுமாம். எதை வாங்கித் தருவது? ஆபத்தில்லையே? – ஓர் அம்மா, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதலில் கவலையை விடுங்கள், உங்கள் பையன் தனி ஆள் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபயர் அலாரம் சேகரிக்கிற பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் சிலர் பிற்பாடு அந்தத் தொழிலுக்கே போய் நன்றாகச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். மின்சாரம், வயரிங், கொஞ்சம் புரோகிராமிங் மூன்றும் ஒரே விளையாட்டில் வந்துவிடுகிறது. வீடியோ கேமுக்கு இது எவ்வளவோ மேல்.

அவன் கேட்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். பேனல் என்பது அலாரத்தின் மூளையான கட்டுப்பாட்டுப் பெட்டி. சாதாரண பேனல் தீ என்று தெரிந்ததும் ஹார்ன்களுக்கு 24 வோல்ட் அனுப்பும், அவை கத்தும், அவ்வளவுதான். வாய்ஸ் பேனலில் கூடுதலாகப் பதிவு செய்த அறிவிப்பு ஒன்று, ஒரு ஆம்ப்ளிஃபயர், கையில் எடுத்துப் பேசுகிற மைக், இவை இருக்கும். ஹார்னுக்குப் பதில் ஸ்பீக்கர். மூன்று தடவை அரை அரை விநாடி பீப், பிறகு ஒன்றரை விநாடி அமைதி, மறுபடி மூன்று பீப், அப்புறம் 'தயவுசெய்து கவனிக்கவும்' என்று ஒரு குரல். ஹோட்டலிலோ ஏர்போர்ட்டிலோ நீங்களே கேட்டிருப்பீர்கள்.

இப்போது எதை வாங்குவது. பையனிடம் கேட்டால் சிம்ப்ளெக்ஸ் 4100, எட்வர்ட்ஸ் ஈஎஸ்டி 3 என்று பெரிய பெயராகச் சொல்வான். பார்க்க அவை அட்டகாசமாக இருக்கும், பெரிய அலமாரி, வரிசையாகப் பட்டன்கள், தொங்குகிற மைக். ஆனால் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதை புரோகிராம் செய்ய யாருடைய அனுமதி வேண்டும்? அந்த மாதிரி பேனல்களின் மென்பொருள் கம்பெனி ஆட்களுக்கும் பயிற்சி பெற்ற டீலர்களுக்கும்தான் கிடைக்கும். இடித்த கட்டடத்திலிருந்து கழற்றி வந்த பேனல் என்றால் அதன் நினைவில் பழைய கட்டடம் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் கரண்ட் கொடுத்ததும், இல்லாத இரண்டாவது மாடியின் கிழக்கு வராந்தா டிடெக்டரைத் தேடும், கிடைக்காது, மஞ்சள் ட்ரபிள் விளக்கு எரியும், உள்ளே பஸ்ஸர் அலறும். இப்படி நூற்றுக்கணக்கான டிடெக்டர்களையும் ஒவ்வொன்றாகக் காணோம் என்று திரையில் சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய புரோகிராமை அழிக்க மென்பொருள் வேண்டும், அது உங்களுக்குக் கிடைக்காது. கடைசியில் அழகான இரும்பு அலமாரி ஒன்றுதான் மிஞ்சும்.

அதனால் ஃபயர்லைட், சைலன்ட் நைட் இந்த இரண்டு பெயர்களையும் பையனிடம் சொல்லுங்கள், முகத்தைச் சுளிப்பான், பரவாயில்லை. இரண்டுமே ஹனிவெல் குடும்பம், எந்த எலக்ட்ரீஷியனும் வாங்கிப் பொருத்தலாம் என்ற நோக்கத்தில் விற்கப்படுபவை. கையேடு இணையத்தில் கிடைக்கும், பேனலின் முன்னால் உள்ள கீபேடிலேயே பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம். ஃபயர்லைட் எம்எஸ்-9200யூடிஎல்எஸ் என்ற அட்ரஸ் வகை பேனலில், அதாவது ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் உள்ள பேனலில், 'ஆட்டோ புரோகிராம்' என்று ஒன்று உண்டு. டிடெக்டரின் பின்னாலிருக்கும் சின்னச் சக்கரங்களை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி எண் வைத்து, வயரில் மாட்டி, கட்டளை கொடுத்தால் எந்த எண்ணில் எது இருக்கிறது என்று பேனலே தேடிப் பிடித்து எழுதிக்கொள்ளும். சைலன்ட் நைட் 5820எக்ஸ்எல்லிலும் 'ஜம்ப்ஸ்டார்ட்' என்ற பெயரில் இதே வசதி. அதனுடைய ஈவிஎஸ் என்ற வாய்ஸ் வகையுடன் 50 வாட், 125 வாட் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டால் குரலும் பேனலும் ஒரே குடும்பமாகப் பேசிக்கொள்ளும்.

ஆனாலும் முதல் வாய்ஸ் சிஸ்டத்துக்கு என் ஓட்டு வேறு. அலாரம் பேனல் தனியாகவும் வாய்ஸ் பெட்டி தனியாகவும் வாங்குங்கள். ஃபயர்லைட் எம்எஸ்-2 அல்லது எம்எஸ்-4 மாதிரி சின்ன, பழைய பாணி ஜோன் பேனல் (எந்தப் பகுதியில் தீ என்று மட்டும் சொல்வது) ஒன்று போதும், கணினியே தேவையில்லை. பக்கத்தில் ஃபயர்லைட் ஈசிசி-50/100, இல்லாவிட்டால் வீலாக் சேஃப்பாத், இல்லாவிட்டால் ஈவாக்ஸ். இவை தனியாக நிற்கிற வாய்ஸ் பெட்டிகள், எந்தக் கம்பெனி பேனலோடும் சேரும், ஏனென்றால் இவை எதிர்பார்ப்பது ஹார்னுக்குப் போகிற அதே 24 வோல்ட்டை, அல்லது ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) மூடுவதை மட்டும்தான். இரண்டில் ஒன்று பழுதானால் மற்றதை வைத்து விளையாட்டு தொடரும், நாளைக்கு வேறு பேனல் வாங்கினாலும் வாய்ஸ் பெட்டி அப்படியே பயன்படும். ஈசிசியில் 14 அறிவிப்புகள் வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் 60 விநாடி. மைக்கில் பேசியே பதிவு செய்துகொள்ளலாம் என்பதால் பையன் உங்கள் குரலில் 'சாப்பிட வா' என்று ஒன்று வைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். பேனலிலிருந்து வாய்ஸ் பெட்டிக்குப் போகிற ஹார்ன் சர்க்யூட்டை மூன்று பீப் தாளத்தில் வைக்கக் கூடாது, தொடர்ந்து வோல்ட்டேஜ் வருகிற மாதிரி வைக்க வேண்டும். தாளத்தில் வைத்தால் வோல்ட்டேஜ் வந்து வந்து போகும், அறிவிப்பு 'தய... தய...' என்று முதல் எழுத்தைத் தாண்டாமல் நிற்கும் அபாயம் உண்டு. தாளத்தை வாய்ஸ் பெட்டியே போட்டுக்கொள்ளும்.

ஸ்பீக்கர்தான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். வீட்டில் சும்மா கிடக்கிற மியூசிக் சிஸ்டம் ஸ்பீக்கரை மாட்டலாமா என்று பையன் கேட்பான், கூடாது. ஃபயர் ஸ்பீக்கர் லைனில் இரண்டு வகை: 25 வோல்ட், 70 வோல்ட். ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதில் கால், அரை, 1, 2 வாட் என்று டேப்புகள், அதாவது எவ்வளவு சக்தி இழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற இணைப்புகள், இருக்கும். 25 வோல்ட்டுக்கென்று அரை வாட்டில் வைத்த ஸ்பீக்கரைத் தெரியாமல் 70 வோல்ட் லைனில் மாட்டினால் அது அரை வாட் இல்லை, சுமார் 4 வாட் இழுக்கும். நாலைந்து ஸ்பீக்கர் அப்படி மாட்டினால் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு அதிலேயே மூச்சு வாங்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டரும் தொடராக இருக்கும், அதற்கு ஒரு காரணம் உண்டு. சும்மா இருக்கும்போது பேனல் அந்த வயரில் ஒரு சின்ன டிசி மின்சாரத்தை அனுப்பி, கடைசியில் இருக்கிற எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் வரை வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டர் இல்லாத ஸ்பீக்கரில் அந்த டிசி நேராக டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள் ஓடிவிடும், பேனல் ஷார்ட் என்று நினைத்து ட்ரபிள் காட்டும். ஆகவே வீலாக் ஈடி-70, சிஸ்டம் சென்சார் ஸ்பெக்ட்ரஅலர்ட் மாதிரி ஃபயர் ஸ்பீக்கர்களையே வாங்குங்கள், பழையது மலிவாகவே கிடைக்கும். பேஸ்மென்ட்டுக்குக் கால் வாட் டேப் தாராளம். நாலு ஸ்பீக்கர் என்றால் மொத்தமே 1 வாட், 50 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒன்றுமே இல்லை. அதனால் வாட்டை நம்பி விலை அதிகம் கொடுக்க வேண்டாம்.

பழையது வாங்கும்போது விற்கிறவரிடம் கரண்ட் கொடுத்து திரை எரிகிற போட்டோ கேளுங்கள். உள்ளே எல்லா போர்டும் இருக்கிறதா, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, வயர்களைக் கத்தரித்து எடுத்தார்களா ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்தார்களா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் கவலையில்லை, அது தனியாகக் கிடைக்கும். மைக் இல்லாவிட்டால்தான் கஷ்டம்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 120 வோல்ட் வருகிற பகுதியை நீங்களோ அவன் அப்பாவோ அல்லது எலக்ட்ரீஷியனோ மட்டும் தொட வேண்டும், எர்த் கட்டாயம். உள்ளே 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இருக்கும். 24 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம், ஸ்பானர் குறுக்கே விழுந்தால் தீப்பொறி பறக்கும், ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுக்கக் கூடாது. பேனலில் டெலிஃபோன் டயலர் இருந்தால் எந்த லைனோடும் இணைக்காதீர்கள், விளையாட்டு அலாரத்துக்குத் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றால் நன்றாக இருக்காது. வீட்டில் வலிப்பு உள்ளவர்கள் இருந்தால் ஸ்ட்ரோப் வேண்டாம். அப்புறம் முக்கியமானது, வீட்டு மாடியிலிருக்கும் உண்மையான ஸ்மோக் அலாரங்களை இவன் கழற்றக் கூடாது, இந்த சிஸ்டத்தை அதற்குப் பதிலாக நம்பவும் கூடாது. ராத்திரி 9 மணிக்கு மேல் மைக்கைத் தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சார்பிலும் ஒரு விதி போட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். அமெரிக்கப் பேனல் வாங்க என்னிடம் காசு இல்லை. இங்கே கிடைப்பதை வைத்தே குரல் அறிவிப்புள்ள ஃபயர் அலாரம் ஒன்றை மாடலாகச் செய்ய முடியுமா? – ஒரு மாணவர், திருச்சி

பதில்: முடியும் தம்பி, இன்னும் நன்றாகவே முடியும். நம் ஊரில் சென்னை ரேவல் கம்பெனியின் 2 ஜோன் பேனல் ஒன்று, புதிதோ பழையதோ, தேடிப் பிடித்துக்கொள். புகை டிடெக்டர் ஒன்று, கண்ணாடி உடைக்கிற மேனுவல் கால் பாயின்ட் ஒன்று. ஜோன் வயரின் கடைசியில் ரெசிஸ்டர் போட மறக்காதே, போடாவிட்டால் பேனல் 'ஃபால்ட்' என்று சிணுங்கிக்கொண்டே இருக்கும். எந்த மதிப்பு என்று அந்தப் பேனலின் கையேட்டைப் பார்த்துப் போடு, கைக்குக் கிடைத்ததைப் போடாதே.

பேனலில் 'பொட்டன்ஷியல் ஃப்ரீ காண்டாக்ட்' என்று ஒரு ஜோடி டெர்மினல் இருக்கும், அதாவது தனக்கென்று வோல்ட்டேஜ் இல்லாத வெறும் ரிலே. தீ என்றால் அது மூடும். குரலுக்கு டிஎஃப்பிளேயர் மினி என்கிற குட்டி எம்பி3 போர்டு போதும், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 5 வோல்ட் கொடுத்து, அதன் ஏடிகீ 1 காலை அந்த ரிலே வழியாக கிரவுண்டோடு சேர்த்தால் மெமரி கார்டில் முதலில் உள்ள ஃபைல் ஓடும். அறிவிப்பை ஒரு தடவை மட்டும் பதியாதே, அது முடிந்ததும் போர்டு சும்மா நின்றுவிடும். பீப், அறிவிப்பு, பீப், அறிவிப்பு என்று பத்து நிமிடத்துக்கு ஒரே ஃபைலாக வெட்டி ஒட்டிக்கொள்.

போர்டின் டிஏசி வெளியீட்டை ஒரு அகூஜா ஆம்ப்ளிஃபயரின் லைன் உள்ளீட்டில் கொடு. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் பார்க்கிற அதே ஆம்ப்ளிஃபயர்தான், வாடகைக்கு விடுகிறவர்களிடம் பழையது கிடைக்கும். அதன் பின்னால் 100 வோல்ட் லைன் டெர்மினல் இருக்கும், அமெரிக்காவில் 25, 70 என்றால் நமக்கு 100. சீலிங் ஸ்பீக்கர் வாங்கும்போது லைன் டிரான்ஸ்ஃபார்மரோடு கேட்டு வாங்கு. ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது அந்த 100 வோல்ட் டெர்மினலைக் கையால் தொடாதே, பாட்டுதானே என்று நினைக்காதே, ஷாக் அடிக்கும்.

உன் மாடலில் இல்லாத ஒன்று இருக்கிறது, அது வயர் கண்காணிப்பு. எலி கடித்து ஸ்பீக்கர் வயர் அறுந்தால் உண்மையான வாய்ஸ் பேனல் உடனே சொல்லும், உன்னுடையது தீ வந்த அன்றைக்குத்தான் சொல்லும், அதாவது சொல்லாமல் இருக்கும். வைவாவில் இதைத்தான் கேட்பார்கள், நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. காசு கொஞ்சம் சேர்ந்தால் ஆபீஸ்கள் காலி செய்யும்போது வருகிற பாஷ் பிளெனா கன்ட்ரோலர் ஒன்றைத் தேடிப் பார், 6 மண்டலம், உள்ளேயே 240 வாட் ஆம்ப்ளிஃபயர். இது ஐரோப்பிய வகை வாய்ஸ் அலாரம் என்பதால் லைன் கண்காணிப்பையும் நேரிலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் ஹூட்டர் மட்டும்தான் இருக்கிறது. அது அடித்தால் யாரும் கதவைக்கூடத் திறப்பதில்லை. குரல் அறிவிப்பு வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு. தமிழில் என்ன சொல்ல வைப்பது? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: யாரும் கதவைத் திறக்காததில் அதிசயம் எதுவும் இல்லை. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 1987 நவம்பரில் நடந்த தீயில் 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கிலேன் ப்ரூ, ஜொனாதன் சைம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்து மெட்ரோவில், மான்யுமென்ட் என்ற சுரங்க நிலையத்தில் சோதனை செய்து பார்த்தார்கள். வெறும் மணி மட்டும் அடித்தபோது பயணிகள் அப்படியே நின்று காத்திருந்தார்கள். என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னபோது கிளம்பிவிட்டார்கள். பதற்றம் வரக் கூடாது என்று உண்மையை மறைப்பதால் பயனில்லை என்பதுதான் அவர்கள் 1991-இல் எழுதிய கட்டுரையின் சாரம்.

ஆகவே 'ஒரு அவசர நிலை ஏற்பட்டுள்ளதால் குடியிருப்போர் அனைவரும் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற பஸ் ஸ்டாண்டுத் தமிழ் வேண்டாம். 'கவனியுங்கள். கட்டடத்தில் தீ எச்சரிக்கை வந்திருக்கிறது. உடனே வீட்டை விட்டு வெளியே வாருங்கள். லிஃப்ட்டில் ஏறாதீர்கள். படிக்கட்டு வழியாக இறங்கி கேட் அருகே வந்து நில்லுங்கள்.' இது போதும். பிறகு பீப், பிறகு இதையே இந்தியிலோ ஆங்கிலத்திலோ, உங்கள் கட்டடத்தில் யார் இருக்கிறார்களோ அதற்கேற்ப. காவலாளிக்கும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் எந்த மொழி புரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நிதானமான வேகம், ஒரே குரல், பின்னணி இசை கிடையவே கிடையாது. செயலாளர்தான் பேச வேண்டும் என்று அடம்பிடித்தால் பேசட்டும், ஆனால் மாடிப்படியில் நின்று கேட்டுப் பாருங்கள். எதிரொலியில் சொற்கள் கலந்துபோகும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு மறுபடி பதிய வேண்டிவரும்.

மற்றபடி இது பொழுதுபோக்கு வேலை இல்லை. மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன எம்பி3 போர்டையெல்லாம் குடியிருப்பில் மாட்டிவிடாதீர்கள். ஃபயர் அலாரத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2189, தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016-இன் 4-ஆம் பகுதி, இரண்டும் தெரிந்த ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள், தீயணைப்புத் துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருக்கும் கட்டடத்தில் அலாரம் முதலில் டிங்... டிங்... என்று மெதுவாக அடிக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து வேகமாக அடிக்கிறது. பேனல் பழுதா? – ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: பழுது இல்லை, கனடாவின் இரண்டு கட்ட முறை அது. முதலில் நிமிடத்துக்கு 20 அடி வீதம் வருவது 'உஷார்' ஒலி. பணியாளர்கள் போய்ப் பார்க்க நேரம் கொடுக்கிறது. 5 நிமிடத்துக்குள் யாரும் பேனலில் பதில் கொடுக்காவிட்டால் அதுவே வெளியேறும் ஒலிக்கு மாறிவிடும். உங்கள் வீட்டிலும் ஒரு பொழுதுபோக்குப் பையன் இருந்தால் உங்கள் பக்கத்து ஊரான வாஹனில் இருக்கிற மிர்காம் கம்பெனியின் பேனல்களைத் தேடச் சொல்லுங்கள், இந்த இரண்டு கட்ட வசதி அதில் கிடைக்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருக்கும் அத்தை பையன் ஊருக்கு வரும்போது பழைய ஃபயர்லைட் பேனல் கொண்டுவருகிறேன் என்கிறான். இங்கே வேலை செய்யுமா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: மாடல் எண்ணின் கடைசியில் 'ஈ' என்ற எழுத்து இருந்தால் அது 240 வோல்ட்டுக்கானது, கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 120 வோல்ட், நேராக நம் பிளக்கில் செருகினால் புகை வரும், ஆனால் அதை டிடெக்ட் செய்ய பேனல் உயிரோடு இருக்காது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும், எர்த் வயரை விட்டுவிடக் கூடாது. பேட்டரியைப் பெட்டியில் வைக்க வேண்டாம், இங்கேயே யூபிஎஸ் கடையில் 12 வோல்ட் இரண்டு வாங்கிக்கொள்ளலாம். அயனைசேஷன் வகை டிடெக்டர் எதையும் கொண்டுவரக் கூடாது. அதில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, இங்கே அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். ஃபோட்டோ எலக்ட்ரிக் என்று எழுதியிருந்தால் தாராளமாகக் கொண்டுவரட்டும்.